வாசலுக்குப் பூட்டு வேண்டாம், அப்டேட்டுக்குக் காவல் போடுங்கள்: நம்ம ஊர்ச் செயலிக் களஞ்சியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கமிருந்து சேர்ந்து, போனில் ஆப்களை இறக்கிக்கொள்ள நம்ம ஊர்ச் செயலிக் களஞ்சியத்தை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியிருக்கும் புது விதிகளின் வரைவு போன வாரம் என் கைக்கும் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நிறைவேற்றப் போவதாகச் சொல்கிறார்கள். ஞாயிறு எனக்குக் கடையை விட்டு நகர முடியாத நாள். அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். களஞ்சியத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக.

வரைவை நான் புரிந்துகொண்டது இப்படி. இனி ஒரு செயலி களஞ்சியத்தில் ஏற வேண்டுமென்றால் அதைச் செய்தவர் உங்களில் யாருக்காவது தெரிந்தவராக இருக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரு வருஷமாக அப்டேட் வராத செயலியை எடுத்துவிடுவீர்கள். தோற்றமும் பயன்பாடும் தரமாக இருக்க வேண்டும். தரம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது மட்டும் அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். நிரல் எழுத வராது, எழுதியதைப் படித்தால் ஓரளவு பிடிபடும். என்னிடம் வரும் எத்தனையோ போன்களில் உங்கள் களஞ்சியத்தை நான்தான் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு அதில் ஏதாவது கோளாறு என்றால் அவர்கள் உங்களைத் தேடி வர மாட்டார்கள், என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். இதில் எனக்கும் பேச்சு உண்டு என்று நினைப்பது அதனால்தான்.

உங்கள் அவசரம் புரியாமல் இல்லை. 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வாட்ஸாப்பில் ஒரு ஏபிகே, அதாவது ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு, வருகிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வருகிறது. கிசான் பணம் என்று வருகிறது. ஏற்றிவிட்டால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் அதன் பிறகு வரும் ஓடிபி எல்லாம் எவனுக்கோ போய்க்கொண்டிருக்கும். அப்படி ஏமாந்து வருபவர்களின் போனை நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு, என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேச வைப்பது கடையில் வாடிக்கையான வேலையாகிவிட்டது. அந்தக் கதைகளில் நம்ம களஞ்சியத்தின் பெயரும் ஒருநாள் அடிபட்டுவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயம்தான்.

ஆனால் பூட்டை நீங்கள் தொங்கவிடப் போகும் இடம் சரியில்லை.

திரையில் தானாக விளம்பரம் எகிறுகிறது என்று ஒருவர் போனை நீட்டுவார். "புதுசா இன்னா ஆப் ஏத்தினீங்க?" என்று கேட்பேன். "ஒண்ணும் ஏத்தல சார், இருந்தது இருந்தபடியேதான் கீது" என்பார். அநேகம் பேர் சொல்வது உண்மை. மற்ற ஆப்களுக்கு மேலே காட்டும் அனுமதி எவற்றுக்கு இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். அப்புறம் பிளே ஸ்டோரில் போய், ஆப்களைக் கடைசியாக அப்டேட் ஆன வரிசைக்கு மாற்றுவேன். விளம்பரம் ஆரம்பித்த நாளையும் அந்த வரிசையையும் பக்கத்தில் வைத்தால் ஆள் மாட்டிக்கொள்வான். வருஷக்கணக்கில் சமத்தாகக் கிடந்த டார்ச்சாக இருக்கும், இல்லை க்யூஆர் ஸ்கேனராக இருக்கும். ஏற்றின அன்றைக்கு அது நல்ல ஆப்தான். நடுவில் எப்போதோ ஒரு அப்டேட்டில் கெட்டுப்போனது.

இது என் கடை அனுபவம் மட்டுமில்லை. பிளே ஸ்டோரில் 1 கோடிக்கும் மேல் இறக்கப்பட்ட பார்கோடு ஸ்கேனர் ஒன்று இருந்தது. பல வருஷம் யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை. 2020 டிசம்பரில் ஒரு அப்டேட் வந்தது. அதற்குப் பிறகு பிரவுசர் தானாகத் திறந்து விளம்பரப் பக்கங்களுக்குப் போக ஆரம்பித்தது. மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அதை வெளியில் சொன்னது. அந்த ஆப்பை அது நுழைந்த நாளில் உங்கள் மூவர் குழு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாலும் ஒப்புதல்தான் கொடுத்திருக்கும். கொடுக்காமல் இருக்க அப்போது காரணமே இல்லை.

இன்னொன்று உங்களுக்கே நன்றாகத் தெரிந்தது. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று காலரி, காலண்டர், கோப்பு மேலாளர் எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தது. விளம்பரம் கிடையாது, மூலநிரல் யாரும் படிக்கும்படி திறந்தே இருந்தது. வயசானவர்கள் போனில் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் கொடுத்த ஆப்கள் அவை. 2023 கடைசியில் அதை உருவாக்கியவர் மொத்தத்தையும் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஆப் அதேதான், பெயரும் ஐகானும் அதேதான், கை மட்டும் மாறியது. நல்லவேளை, உரிமம் திறந்த உரிமம் என்பதால் பழைய நிரலை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார்கள். நாங்களும் ஒவ்வொரு போனாக மாற்றிக் கொடுத்தோம். இந்த விற்பனையைத் தடுக்கும் வாசல் காவல் எதுவும் கிடையாது. ஆனால் கை மாறியது என்ற தகவல் மறுநாளே பயனருக்குப் போய்ச் சேர வழி செய்யலாம். உங்கள் வரைவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

'தெரிந்தவர் மட்டும்' என்ற விதிதான் என்னை ரொம்பவும் உறுத்துகிறது. எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கும். லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஒரு சாதாரண நூலகம், அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு அது. தன் நேரத்தைப் போட்டுப் பல வருஷமாக அதைக் கவனித்துவந்தவர் ஒரே ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து கொடுத்து, நம்பிக்கையைச் சம்பாதித்தார். நடுவில் வேறு வேறு பெயர்களில் சிலர் வந்து, 'ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள், இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அந்த மனிதரை அரித்தெடுத்தார்கள். ஜியா டான் உள்ளே வந்தார். 2024 ஆரம்பத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வழி வைத்தார். அது மாட்டியது எந்தக் குழுவின் ஒப்புதலாலும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று விடாமல் தோண்டினார். மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார். நிரல் திறந்து கிடந்ததால் அவரால் தோண்ட முடிந்தது.

அது நடந்த கொஞ்ச நாளில் திறந்த நிரல் ஆப்களுக்கான களஞ்சியமான எஃப்-டிராய்டின் குழுவிலிருந்தும் ஒரு பழைய கதை வந்தது. 2020-இல் அவர்களுடைய செயலியின் தேடலைச் சீராக்கித் தருகிறேன் என்று ஒருவர் நிரல் கொடுத்திருக்கிறார். உடனே சேருங்கள், சேருங்கள் என்று புதுப்புதுக் கணக்குகள் வந்து நெருக்கியிருக்கின்றன. நிதானமாகப் பார்த்தபோது அதில் தரவுத்தளத்துக்குள் புகும் ஓட்டை இருந்தது. சேர்க்கவில்லை, தப்பித்தார்கள். வேண்டுமென்றே செய்ததா என்பது வேறு விஷயம். காப்பாற்றியது நிரலைப் படித்த பழக்கம். ஆளைத் தெரியும், தெரியாது என்ற கணக்கு அங்கே எதற்கும் உதவவில்லை.

நம்ம ஊர்க் கணக்கில் இதைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால் யார்? கல்லூரியில் கூடப் படித்தவர்கள், அவர்களுடைய சீனியர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் நாலு அண்ணன்கள். பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் நிரல் கற்றுக்கொள்ளும் பையனை உங்களில் யாருக்குத் தெரியும்? அவனுக்கு யார் சிபாரிசு? சிபாரிசு இல்லாமல் ஒன்றும் நடக்காத இடங்கள் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கின்றன.

இங்கே ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு அறிவிப்பு விட்டது. கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்றும் எந்தச் செயலியானாலும், அது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்தாலும், அதைச் செய்தவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும் என்று. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் வரும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, விவரம் தெரிந்த பயனர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாக நவம்பரில் சொன்னார்கள். காரணம் என்னவோ பாதுகாப்புதான். அதை எதிர்த்து நீங்கள் காட்பாடியில் கூட்டம் போட்டீர்கள், நோட்டீஸ் அடித்தீர்கள். அந்த நோட்டீஸில் ஒரு கட்டு என் கடை மேஜையிலும் இருந்தது. யார் செய்தார் என்று பார்க்காதே, என்ன செய்திருக்கிறது என்று பார் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். இப்போது உங்கள் வரைவின் முதல் விதி அதற்கு நேர் எதிராக நிற்கிறது. அவர்கள் அடையாள அட்டை கேட்கிறார்கள், நீங்கள் அறிமுகம் கேட்கிறீர்கள்.

சரி, வாசலை விரியத் திறந்து போட்டுவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஆர்ச் லினக்ஸ்காரர்களின் ஏயூஆர், யார் வேண்டுமானாலும் மென்பொருள் பொதி ஏற்றக்கூடிய களஞ்சியம், அப்படித் திறந்த இடம். 2018-இல் அங்கே உரியவர் கைவிட்ட ஒரு பிடிஎஃப் மென்பொருள் பொதியை யாரோ தத்தெடுத்து, அதற்குள் வெளியிலிருந்து நிரல் இறக்கி ஓட்டும் வரிகளைச் செருகிவிட்டார். 2025 ஜூலையில் ஃபயர்பாக்ஸ், லிப்ரெவுல்ஃப், ஜென் பிரவுசர்களின் பெயரை ஒட்டி மூன்று போலிப் பொதிகள் ஏறின. உள்ளே இருந்தது தூரத்திலிருந்து கணினியை ஆட்டுவிக்கும் வேவு நிரல். இரண்டு நாளில் கண்டுபிடித்து எடுத்தார்கள் என்றாலும் ஏறியது ஏறியதுதான். முழுத் திறப்பிலும் ஆபத்து உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் சம்பவத்தை இன்னொரு தடவை படியுங்கள். அங்கேயும் கேடு புதுப் பொதியாக வரவில்லை, கைமாறிய பழைய பொதியில்தான் வந்தது.

அந்தப் பக்கம் வாசலை ரொம்ப இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய பாடம் இருக்கிறது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்துக்கே போயிருக்க மாட்டீர்கள். 2009-இல் நோக்கியா என்900 போன் வந்தது. மீமோ என்ற லினக்ஸ் அதில் ஓடியது. அதற்கான சமூகக் களஞ்சியத்தில் மூன்று படி: உருவாக்கப் படி, சோதனைப் படி, பொதுப் படி. சோதனையிலிருந்து பொதுவுக்குப் போகப் பத்து நாள் காத்திருக்க வேண்டும், பத்து நல்ல ஓட்டும் விழ வேண்டும். கேட்பதற்கு அருமையாகத்தான் இருக்கிறது. சோதித்து ஓட்டுப் போட ஆள் வேண்டுமே? நல்ல செயலிகள் சோதனைப் படியிலேயே தேங்கின. பயனர்கள் பொறுமையிழந்து, ஆபத்து என்று எச்சரித்திருந்த உருவாக்கப் படியையே நேரடியாகத் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்து இறக்கினார்கள். பாதுகாப்புக்கு வைத்த படிக்கட்டே மக்களைச் சுவர் ஏறிக் குதிக்க வைத்தது.

நம்ம ஊரில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது வாட்ஸாப் ஏபிகே. களஞ்சியத்தில் கிடைக்காத ஒன்று 'அண்ணா, அந்த ஆப் அனுப்புங்க' என்று கை மாறிக் கை மாறி வரும்போது, எந்தப் பதிப்பு, யார் கையொப்பம், நடுவில் யார் என்ன சேர்த்தார்கள் என்பதற்குத் தடயமே இருக்காது. மூவர் குழுவின் மேஜையில் இரண்டு மாதம் கிடக்கும் ஒவ்வொரு செயலியும் அந்த வழியில் இறங்கிக்கொண்டிருக்கும்.

இனி அந்தத் 'தரம்' விதிக்கு வருகிறேன். உங்கள் களஞ்சியத்திலேயே எனக்குப் பிடித்த செயலி எது தெரியுமா? பீடிக் கணக்கு. குடியாத்தம் பக்கத்து மாணவி ஒருவர் தன் அம்மாவுக்காகச் செய்தது என்று நினைக்கிறேன். பார்க்கச் சகிக்காது. ஐகான் கூட ஆண்ட்ராய்டு தானாகக் கொடுக்கும் பச்சைப் பொம்மைதான். திறந்தால் வாங்கின இலை, தூள், நூல், திருப்பிக் கொடுத்த பீடி, கழித்தது, வந்த கூலி என்று ஆறு பெட்டி, கீழே கூட்டல். வாரக் கடைசியில் ஏஜெண்ட் சொல்லும் கணக்கும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அப்டேட் வந்து ரொம்ப நாள் ஆகிறது, ஏனென்றால் அதில் செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது.

ஒருநாள் சும்மா இருந்தபோது அதன் ஏபிகே-யைப் பிரித்து மேனிஃபெஸ்ட் கோப்பை, அதாவது ஆப் என்னென்ன அனுமதி கேட்கிறது என்ற பட்டியல் இருக்கும் கோப்பைப் பார்த்தேன். அனுமதி ஒன்றுகூடக் கேட்கவில்லை. இன்டர்நெட் அனுமதியும் இல்லை. அதாவது, அந்த ஆப்புக்குள் யார் என்ன குறும்பு வைத்திருந்தாலும் அந்த அம்மாவின் கணக்கு தானாக நெட்டில் ஏறி எங்கேயும் போக வழியில்லை. உங்கள் வரைவுப்படி இது மூன்று விதியில் அடிபடும்: செய்தவர் உங்களுக்குத் தெரியாது, ஒரு வருஷமாக அப்டேட் இல்லை, அழகும் இல்லை. அதே வரைவுப்படி, வழவழவென்று ஐகான் போட்டு, மாதம் ஒரு அப்டேட் விட்டு, காண்டாக்ட், இருப்பிடம், மைக் எல்லாம் கேட்கும் ஒரு செயலி, செய்தவர் உங்கள் சீனியர் என்றால் சுலபமாக உள்ளே வந்துவிடும்.

பழைய செயலி என்பதாலேயே ஆபத்து என்று சொல்பவர்களுக்கு: அதற்கான எல்லையை ஆண்ட்ராய்டே போட்டு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 6-க்கும் முந்தைய காலத்துக்காக எழுதிய ஆப்களை ஆண்ட்ராய்டு 14 ஏற்றவே விடாது. அந்தக் காலத்து ஆப்கள் அனுமதி கேட்கும் முறையிலிருந்தே தப்பித்துவிடும் என்பதுதான் அதற்குக் காரணம். இப்படிக் காரணத்தோடு வைக்கும் எல்லை சரி. காலண்டரைப் பார்த்து வெட்டுவது எதில் சேர்த்தி?

எங்கள் ஊரைக் கிண்டலடிக்க ஒரு பட்டியலே உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பி வந்துவிட்டது. ஆற்றிலும் எப்போதாவது தண்ணீர் வருகிறது. காலியான அந்த இடத்தில் ஆப் இல்லாத களஞ்சியத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்.

எஃப்-டிராய்டு 2010-லிருந்து என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன் கருவிகளைத்தானே நீங்களும் வைத்திருக்கிறீர்கள். அழகாக இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. திறந்த உரிமம் இருக்கிறதா, மூலநிரல் முழுசாக இருக்கிறதா, நிரலைக் காட்டாத மூடிய நூலகம் ஏதாவது உள்ளே செருகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். செய்தவர் கொடுக்கும் ஏபிகே-யை அப்படியே வாங்காமல், நிரலை எடுத்துத் தங்கள் கணினியிலேயே கட்டுகிறார்கள், அதாவது ஏபிகே-யாக மாற்றுகிறார்கள். விளம்பரம் இருந்தால், பயனரைப் பின்தொடர்ந்தால், மூடிய சேவை ஒன்றை நம்பியிருந்தால், தெரிந்த ஓட்டை இருந்தால் அதைச் செயலியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். படித்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று பயனர் முடிவு செய்கிறார். இன்னொரு பக்கம் இஸ்ஸி களஞ்சியம், செய்தவர்களே கட்டிக் கொடுத்த ஏபிகே-களைச் சோதனை போட்டு வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே போனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்திருப்பதால் சண்டை இல்லை.

ஆகவே என் கோரிக்கை. களஞ்சியத்தை இரண்டு அலமாரியாகப் பிரியுங்கள். யார் கொண்டுவந்தாலும், மூலநிரல் திறந்திருந்து நம்ம கணினியில் அதைக் கட்டி எடுக்க முடிந்தால், சோதனை அலமாரியில் உடனே வையுங்கள். கேட்டுச் சேர்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும் அது தெரியட்டும். அங்கிருந்து பொது அலமாரிக்கு மாற ஓட்டு வேண்டாம். உங்களில் ஒருவர் நிரலைப் படித்தேன் என்று தன் பெயரைப் போட்டு எழுதினால் போதும். வேண்டாம் என்று தள்ளினால் அதற்கான காரணத்தையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள்.

மிச்சமாகும் நேரம் முழுவதையும் அப்டேட் பக்கம் திருப்புங்கள். இதுதான் நான் முக்கியமாகக் கேட்பது. புதுப் பதிப்பு வரும்போது பழைய மேனிஃபெஸ்டையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன நிரல் போதும், உங்களுக்கு அரை நாள் வேலை. புதிதாக ஒரு அனுமதி முளைத்திருந்தால் அப்டேட் தானாகப் போகக் கூடாது. நேற்றுவரை நெட் கேட்காத செயலி இன்றைக்குக் கேட்டால் நிறுத்துங்கள். புதிய நூலகம் சேர்ந்திருந்தால் நிறுத்துங்கள். நிரல் இருக்கும் கணக்கு வேறு கைக்குப் போயிருந்தால் கட்டாயம் நிறுத்துங்கள். ஒரு ஆள் உட்கார்ந்து படித்த பிறகு விடுங்கள். மற்ற அப்டேட்கள் வழக்கம்போல் ஓடட்டும். பீடிக் கணக்குக்கு இதனால் ஒரு நிமிஷம் கூடச் செலவாகாது. கேமராவும் மைக்கும் கேட்கும் பெரிய செயலிகளுக்குத்தான் ஆளும் நேரமும் போகும். போகவும் வேண்டும்.

ஆள் பலத்தை நினைத்துத்தான் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அரியர் இருக்கிறது, மீதிப் பேருக்கு ஷிஃப்ட் இருக்கிறது. இத்தனை வருஷ அனுபவமுள்ள எஃப்-டிராய்டே 2025 ஆகஸ்டில் திணறியது. ஆண்ட்ராய்டு கட்டும் கருவியின் புதுப் பதிப்பு, அவர்களுடைய பழைய சர்வரின் பிராசஸரில் இல்லாத கட்டளைகளை எதிர்பார்த்ததால், அந்தப் பதிப்புக்கு மாறிய செயலிகளின் அப்டேட்கள் கட்ட முடியாமல் நின்றன. தன்னார்வலர்கள் நடத்தும் இடத்தில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது ஆள், இயந்திரம், நேரம் மூன்றும்தான். அதைக் கொண்டுபோய் ஐகான் அழகாக இருக்கிறதா என்ற விவாதத்தில் கொட்டினால், அப்டேட்டைப் பார்க்க யார் இருப்பார்கள்?

இன்னொரு விஷயம், வரைவில் சுத்தமாக இல்லாதது. களஞ்சியத்தின் கையொப்பச் சாவி, அதாவது வருவது நம்மிடமிருந்துதான் என்று போனுக்குக் காட்டும் ரகசியக் கோப்பு, யாரிடம் இருக்கிறது? ஒரே ஒரு தம்பியின் மடிக்கணினியில் இருப்பதாகக் கேள்வி. அந்தத் தம்பி இந்த வருஷம் படிப்பை முடிக்கிறார். ஹார்ட் டிஸ்க் போய் என்னிடம் வரும் மடிக்கணினிகளில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. சாவி தொலைந்தால் களஞ்சியத்தைச் சேர்த்திருக்கும் ஒவ்வொரு போனிலும் அதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். செயலிகளையும் அதே ஆள் அதே இடத்து இன்னொரு சாவியால் ஒப்பமிட்டிருந்தால் கதை இன்னும் மோசம். வேறு சாவியில் வரும் அப்டேட்டை ஆண்ட்ராய்டு ஏற்காது. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், நீக்கினால் உள்ளே இருக்கும் கணக்கு முழுக்கப் போய்விடும். ஒரு வருஷத்துப் பீடிக் கணக்கு போய்விட்டது என்று அந்த அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? சாவி திருடு போனால் அதைவிடக் கேடு. நல்ல அப்டேட் என்ற வேஷத்தில் எதையும் அனுப்பலாம். வாசலில் மூன்று பேரை நிறுத்துகிறீர்கள், சாவிக்கு ஒருவர்கூடத் துணையில்லை. சாவிக்கு நகல் எடுத்து, கடவுச்சொல் போட்டு, வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேறு எதுவும் முடிவாகாவிட்டாலும் இது ஒன்றாவது முடிவாகட்டும்.

தரம் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், நமக்கென்று பார்க்க வேண்டிய தரம் ஒன்று இருக்கிறது. தமிழ். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் ஆறு எழுத்தாகிறது. 'சேமிக்கவும்' என்பது 'சேமிக்...' என்று பாதியில் நிற்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வயசானவர்கள் போனில் இரண்டு பொத்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. பழைய போன்களில் ஒற்றெழுத்தின் புள்ளி மேல் வரியில் போய் முட்டுகிறது. இதை எந்த வெளிநாட்டுக் களஞ்சியமும் நமக்காகப் பார்த்துத் தராது. இதற்காக எதையும் தடை செய்யாதீர்கள். 'தமிழில் எழுத்து வெட்டுப்படுகிறது' என்று ஒரு குறிப்பு ஒட்டுங்கள். செய்தவர் பார்த்தால் பெரும்பாலும் திருத்திவிடுவார். எச்சரிக்கைக் குறிப்புகளையும் தமிழில் எழுதுங்கள், ஆனால் படிக்கிற மாதிரி எழுதுங்கள். 'இச்செயலி கட்டுடைமைச் சேவையைச் சார்ந்துள்ளது' என்று போட்டால் என் வாடிக்கையாளர் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். 'இந்த ஆப் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வெளியே அனுப்புகிறது' என்று போடுங்கள், நின்று படிப்பார்.

என் பங்குக்கு: கடையில் வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போய், ஃபேக்டரி ரீசெட் போட்ட பழைய போன்கள் ஒரு டிராயர் நிறைய இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 7-லிருந்து 13 வரை கலந்து கிடக்கும். சிலவற்றில் திரையில் கோடு, சிலவற்றில் பேட்டரி நிற்காது, சார்ஜரில் போட்டபடியேதான் பார்க்க வேண்டும். சோதனை அலமாரிக்கு வரும் செயலிகளை அவற்றில் ஏற்றிப் பார்க்கவும், தமிழ் எழுத்து எங்கே வெட்டுப்படுகிறது என்று படம் எடுத்து அனுப்பவும் நான் தயார். கடையில் வேலை கற்றுக்கொள்ளும் இரண்டு பையன்களும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய், புதன் மதியம் கூட்டம் இருக்காது, உங்களில் யாராவது வந்து எப்படி எழுதி அனுப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தால் போதும்.

வரைவின் முதல் விதியை எடுத்துவிடுங்கள், மூன்றாவதையும் எடுத்துவிடுங்கள். சாவி விஷயத்தில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம், களஞ்சியத்தின் முகப்பிலேயே போடுங்கள்.

அன்புடன்,
பழைய பஸ் நிலையம் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடைக்காரன்,
வேலூர்.